தானாக ஓடிய மோட்டார்

அமலராணி டிப்ளமோ முடித்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் கடை போட்டாள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். புது சிப்பைக்கூடச் சோதிக்காமல் போர்டில் வைக்கமாட்டாள். 2007இல் அவளாகவே ஒரு பெட்டி செய்தாள். உள்ளே ஒரு சிம். செல்போனிலிருந்து ON என்று மெசேஜ் அனுப்பினால் தோட்டத்து மோட்டார் ஓடும்; OFF என்றால் நிற்கும்.

முதல் பெட்டியைச் செம்பட்டி உடையப்பன் வாங்கினார். கொஞ்ச நாளிலேயே மோட்டார் தானாக ஓடி, தண்ணீர் வற்றிய கிணற்றில் அதன் கம்பிச்சுருளான காயில் கருகிவிட்டது. மெசேஜ் அனுப்பி ஓட்டியது அவன்தான் என்று பக்கத்துத் தோட்டத்துக் காத்தமுத்துவைத் தெருவில் வைத்தே ஏசிவிட்டு, பெட்டியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மோட்டாரு சிம் நம்பரு எனக்கும் உனக்கும்தானம்மா தெரியும். நீதான அவனுக்குக் குடுத்த?"

அமலராணிக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்குண்ணே குடுக்கப் போறேன்? நீங்கதான் கைதவறி அனுப்பியிருப்பீங்க."

படித்த மெசேஜைப் பெட்டி உடனே அழித்துவிடும். அதனால் சாட்சி இல்லை. மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, வரும் மெசேஜ் கம்ப்யூட்டர் திரையில் தெரியும்படி செய்தாள். இவள் எதையாவது மாற்றிவிடுவாளோ என்று உடையப்பன் தினமும் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் செல்போனைத் தொடுகிறாரா என்று அவள் கவனித்தாள்.

ஒரு மத்தியானம் பல்பு எரிந்தது.

"பாத்தியா! அனுப்பிட்டான் பாரு!"

திரையில் சிம் கம்பெனியின் விளம்பரம். நடுவில் RINGTONE. அதற்குள் ON இருந்தது. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து எங்கே வந்தாலும் பெட்டி மோட்டாரைப் போட்டிருக்கிறது. சிப்பில் நினைவகம் கொஞ்சம்தான். முழு மெசேஜையும் அதில் வைத்ததால், அனுப்பியவர் நம்பரைச் சரிபார்க்க இடமில்லாமல் அவளே விட்டிருந்தாள்.

"தப்பு என் மேலதாண்ணே."

"அந்தக் கம்பெனிக்காரனுக்கு இந்த நம்பர யாரு குடுத்தா?"

"சிம்மே அவங்களுதுண்ணே."

அவர் முகம் தெளியவில்லை.

எழுத்து வர வர ஒப்பிட்டு, பார்த்ததை விட்டுவிடும்படி மாற்றி எழுதினாள். மிச்சமான இடத்தில் உடையப்பனின் செல் நம்பரை வைத்தாள். இனி அவர் அனுப்பும் மெசேஜில் ON மட்டுமே இருந்தால்தான் ஓடும். பல போனிலிருந்து கண்டதையும் அனுப்பிப் பார்த்தாள், பல்பு எரியவில்லை. காயிலையும் அவளே கட்டிக் கொடுத்தாள்.

பெட்டியை மாட்டிவிட்டு வரப்பைத் தாண்டிப் போய்க் காத்தமுத்துவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"இதச் சொல்ல அவன்தான உன்னைய அனுப்புனான்?"

"இல்லண்ணே. நானாத்தான் வந்தேன்."

"அப்ப அவன் வரட்டும்."

உடையப்பன் போகவில்லை. மோட்டார் அதன்பின் தானாக ஓடவும் இல்லை. பூத்தோட்டக்காரர்கள் கேட்டு, நிலக்கோட்டைப் பக்கமும் அமலராணியின் பெட்டிகள் போயின. உடையப்பன் மட்டும் பெட்டியிலிருந்த சிம்மைக் கழற்றிவிட்டு வேறு சிம் போட்டார். புது நம்பரை அவளிடம் சொல்லவில்லை.