அவளை அக்கா என்றார்கள், என்னை மேடம் என்றார்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக எட்டு வருடம் இருந்தேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவள். எங்கள் மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது, அடுத்தது நான்தான் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள்.

அவள் எனக்கு இரண்டு வருடம் பின்னால், அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தவள். படிப்பு பிளஸ் டூ. கட்டிலில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மூலையைச் செருகக் கற்றுக்கொடுத்ததே நான். அறிவித்த அன்று எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். செங்கல்பட்டுக்குத் திரும்பும் ஸ்டாஃப் வேனில் போனை எடுத்து "வாழ்த்துகள்" என்று தட்டினேன், அழித்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மூன்று தடவை. கடைசிவரை அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்கே சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிட்டது. ஆங்கிலம் அவளுக்குத் தகராறு. புகார் செய்த ஒரு விருந்தினருக்குப் பதில் கடிதம் எழுதி, "இத்த கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா" என்று என்னிடம் நீட்டினாள். அவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பார்த்தேன். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன்.

பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று அந்த விருந்தினர் மறுபடி எழுதிவிட்டார். காலை மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் படித்தார். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான் சரியா பாக்கல சார்," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு குடும்பம் வயதான அம்மாவோடு வந்து தங்கியிருந்தது. அந்த அம்மா காதுக்கு வைக்கிற மெஷினைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் காணோம். அறையைச் சுத்தம் செய்த பெண் என் ஷிஃப்ட்டைச் சேர்ந்தவள். தேடிப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நான் எங்கள் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போய், தோட்டத்தில் நின்ற மேனேஜரிடம் அழுதாள்.

நான் எழுந்து பின்னாலேயே போனேன். குப்பை கொட்டும் இடத்தில் இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு, நனைந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் புதுச் சேலையில் காபித்தூள். நானாக இருந்தால் ஓர் ஆளை அனுப்பியிருப்பேன். நாலாவது பையில் கிடைத்தது. துடைத்து எடுத்துக்கொண்டு மேனேஜரே அந்த அறைக்குப் போய், "எங்க தப்புங்கம்மா" என்று கொடுத்துவிட்டு வந்தாள். யார் போட்டது என்று அங்கே பேச்சே வரவில்லை.

மத்தியானம் அந்தப் பெண்ணைத் துணி அடுக்கும் அறையில் பிடித்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"திட்டுவேன்னு பயமா?"

"அப்டிலாம் இல்ல மேடம். அக்காவும்தான் திட்டும். இப்பக்கூட இன்னாமா திட்டிச்சு தெரியுமா?"

"பின்ன?"

"நீங்க மொதல்ல யாரு போட்டதுன்னு கேப்பீங்க. அக்கா, எந்தப் பையில கீதுன்னு கேட்டுச்சு."

என்னை மேடம் என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பதவியைக்கூட விட்டுவிடலாம் போல இருந்தது. அந்தச் சொல்லைத்தான் விட முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கோவளம் பக்கம் பெரிய ஹோட்டல் ஒன்று அவளை அழைத்துக்கொண்டது. அவள் இடம் எனக்கு வந்தது. கடிதத்தில் இருந்த பிழை எனக்கு அப்போதே தெரியும் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை. பிரிவு உபசாரத்தன்று சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். ஆட்கள் அவளைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

மேனேஜராக முதல் ஆறு மாதம் என்னிடம் ஒரு கெட்ட செய்தியும் வரவில்லை. நிர்வாகம் நல்லபடியாக நடக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஸ்டோரின் அடி அலமாரியில், உடைந்த விளக்குகள் நாலு, பழைய திரைத்துணிக்குள் சுற்றி ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. புது விளக்குக்கு எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது கொஞ்சம் பேர் வருகிறார்கள். தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். போன வாரம், துண்டு அடுக்கிய அதே பெண் வராண்டாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஸ்கூல் மாற்றுவதைப் பற்றி யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ சொன்னா சரிக்கா," என்று சிரித்தாள். எதிர்முனையில் யார் என்று நான் கேட்கவில்லை. ஃபைலைத் திறந்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.