இரண்டு தடவை பாடிய வரி

போன வாரம் பழைய சட்டை ஒன்றைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து ஒரு மெமரி கார்டு விழுந்தது. விரல் நகம் அளவுதான். மோந்துகூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். சூடேறிய கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மையும் கலந்த அந்தக் கடை வாசனை வரும் என்று ஒரு நப்பாசை. பீரோ வாசனைதான் வந்தது.

ஒரு காலத்தில் எனக்கு அதுதான் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொந்து மாதிரிக் கடை. பாதியில் நான் செல்போனுக்குப் பாட்டு ஏற்றுவேன், பாதியில் பரிமளா ஜெராக்ஸ் எடுப்பாள். யார் கார்டை நீட்டினாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், என் அபிமான மியூசிக் பேண்டின் பாட்டு ஒன்றையும் உள்ளே தள்ளிவிடுவேன். ‘ஏரி நெறஞ்சா சொல்லியனுப்பு’ என்று அதில் ஒரு வரி, இரண்டு தடவை வரும். கேட்டால் நெஞ்சை அடைக்கும். தென்னேரிக்காரர்கள் அது தங்கள் ஏரிதான் என்று சாதித்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குத் தறி போன் தொங்கும். ஒரு வீட்டில் விட்ட பாட்டை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டே சைக்கிளில் போகலாம்.

பரிமளா மட்டும் மசியவில்லை.

“மிஷின்ல போட்டு இழுத்த கொரலுபா அது. மனுஷன் இப்டி பாடுவானா?”

“நேர்ல வரட்டும், அப்ப பாரு.”

வந்தார்கள். ஓரிக்கை போகிற வழியில் ஒரு திடலில் மேடை. சாயங்கால வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போன ஒரே பைத்தியம் நான்தான். பரிமளாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் குரல் நிஜம் என்று அவளுக்குக் காட்டியாக வேண்டும். உள்ளுக்குள் எனக்கே அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

முதல் பாட்டிலேயே பரிமளா என் தோளைத் தட்டினாள். “வாய பாருபா. பாட்டு முன்னாடி போயிக்கினு இருக்குது, வாய் பின்னாடி வருது.”

“சும்மா இரு” என்றேன்.

அடுத்து எங்கள் பாட்டு. திடல் முழுக்கச் சேர்ந்து பாடியது. அந்த வரி வந்ததும் மேடையில் ஒரு தடவையோடு தாண்டிப் போய்விட்டார்கள். ஜனம் இரண்டாம் தடவை பாடியது. பாடகர் திகைத்து மைக்கைக் கீழே இறக்கினார். அவர் குரல் மட்டும் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கீறல் விழுந்த சிடியிலிருந்து இரண்டு துண்டாக எடுத்து நான் ஒட்டிய பாட்டு அது. கண்ணை மூடிக்கொண்டு தறியில் பாவு நூலை இழைக்கு இழை பிணைக்கிற ஊரில், எனக்கு ஒரு பாட்டை ஒழுங்காகப் பிணைக்கத் தெரியவில்லை. ஒட்டிய இடத்தில் அந்த வரியை இரண்டு தரம் போட்டுத் தொலைத்திருக்கிறேன். ஊரே என் தப்பைப் பாடமாகக் கற்றிருந்தது.

யாரோ பதறிப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. மைக் இல்லை, மேளம் இல்லை, அத்தனை பேரும் கைதட்டித் தாளம் போட்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். கடைசியில் மறுபடி அந்த வரிக்கே திரும்பி வந்தார்கள். இரண்டு தடவை. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் பரிமளாவும் ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருக்கிறாள்.

கிளம்பும்போது கேலி செய்வாள் என்று பயந்தேன்.

“அவன் பாடலன்னா போவட்டும் வுடு. இத்தினி பேர் பாடினாங்களே, நீ ஏத்திக் குடுத்ததுதானே?” என்றாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த பேண்டும் பிரிந்துவிட்டது. போனைத் தொட்டால் பாட்டு வருகிறது, அந்த வரி சரியாக ஒரே ஒரு தடவை. அன்றைய திடலின் சத்தம் யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்துப் பார்த்துவிட்டேன். எல்லோர் பையிலும் போன் இருந்தது. கைதட்டிக்கொண்டிருந்ததால் ஒருவரும் பதிவு செய்யவில்லை. ஊருக்கெல்லாம் பாட்டு ஏற்றிக் கொடுத்த என்னிடமும் இல்லை, சட்டைப் பையிலிருந்து விழுந்த இந்தக் கார்டிலும் இல்லை.