அரை மணி நேரம் அடைத்திருந்தால்...

போன புதன்கிழமை ஒரு தப்புச் செய்துவிட்டேன். தப்புதானா என்று இன்னும் தெரியவில்லை — அதுதான் தொல்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

செல்வி என் சித்தப்பா மகள். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் அவள் ஊர். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு ஏக்கர் நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நிலம் கடைமடையில் இருக்கிறது. அதாவது, வாய்க்காலில் எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் மீதி வந்து சேரும் இடம்.

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லையா? நன்றாகவே ஓடுகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால், வாய்க்காலுக்குள் சொட்டுக்கூட ஏறவில்லை. வருடக்கணக்காக மணலை அள்ளி அள்ளி ஆற்றின் தரை ஆள் உயரத்துக்குக் கீழே போய்விட்டது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பு மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே ஓடுகிறது. மேலே ஏறி வா என்றால் ஆறு என்ன செய்யும், பாவம்?

ஊரே சத்தம் போட்டதும், மணல் அள்ளுகிறவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஆற்றில் இரண்டு டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விடுவார்களாம். போன தண்ணீருக்குப் பதில் தண்ணீர்! அது கடைமடை வரை போனால் குவாரி தொடரலாம், போகாவிட்டால் நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் நிபந்தனையும் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

இன்ஜின் நான்கு நாள் ஓடியது. அதை நம்பித்தான் செல்வி நாற்று விட்டாள். ஐந்தாம் நாள் டீசல் வரவில்லை என்றார்கள். அப்புறம் பெல்ட் அறுந்துவிட்டது என்றார்கள். அப்புறம் மெக்கானிக் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்றார்கள். பதினோரு நாள் வாய்க்காலுக்குள் ஆடுகள் நடந்து போயின. பக்கத்து வயல் போர்வெல்லில் பாய்ச்சலாமே என்று கேட்டேன். மணல் போன பிறகு அதுவும் காற்றைத்தான் துப்புகிறதாம். செல்வி தெருக் கைபம்பில் அடித்துக் குடம் குடமாகக் கொண்டுபோய் நாற்றங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவளுக்காக மனு எழுதிக் கொடுத்தது நான்தான். நான்கு பக்கம். என் எழுத்தின் மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் மயக்கம் உண்டு. புதன்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் தலைகால் புரியவில்லை.

"நீங்க வந்து கூட நின்னா போதும்ணே. நான் தனியா பேசுனா காதுல வாங்க மாட்டாங்க" என்றாள் செல்வி.

பத்து மணிக்கே போய்விட்டேன். வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாற்றின் நுனியெல்லாம் மஞ்சள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்! வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அதிகாரிக்குக் காட்ட இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

செல்வியின் வயலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன மதகு இருக்கிறது. அங்கே நின்றுதான் ஜீப்புக்காகக் காத்திருந்தோம். பத்தரை மணிக்கு ஒரு சலசலப்பு கேட்டது. சருகு, நுரை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு... தண்ணீர்!

விடியற்காலையிலேயே இன்ஜினைப் போட்டிருக்கிறார்கள். அதிகாரி வரும் சேதி அவர்களுக்கு எப்படிப் போனது? என்னைக் கேட்காதீர்கள்.

"பாத்தீங்களாண்ணே, ஆளு வர்ற அன்னிக்கா பாத்து விடுறானுவ!" செல்வி ஆத்திரத்தில் கத்தினாள்.

எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. மதகில் பலகையைச் செருகினால் தண்ணீர் வடிகாலுக்குத் திரும்பிவிடும். அதற்குக் கீழே எல்லாம் காய்ந்தது காய்ந்தபடி இருக்கும்.

"பலகையப் போட்டு அடைச்சிடு செல்வி. அரை மணி நேரம்தான். ஆபீசர் பாத்துட்டுப் போனதும் தொறந்துடலாம்."

யோசித்துப் பாருங்கள். பதினோரு நாள் காய்ந்ததுதான் உண்மை. அவர்கள் தண்ணீர் விட்டுப் பொய் சொல்கிறார்கள். நாங்கள் தண்ணீரை மறித்து உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை — நாற்று என்னுடையது இல்லையே!

செல்வி பலகையை எடுத்து மதகில் வைத்தாள். தண்ணீர் வந்து அவள் காலை நனைத்தது. நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி வருதுண்ணே."

"தெரியுதும்மா. அடை."

"வர்ற தண்ணிய எப்படிண்ணே அடைக்கிறது? இந்த நாத்து போச்சுன்னா இந்த வருசம் வயலு தரிசுதான். மறுபடி நாத்து விட நாள் ஏது?"

பலகையைக் கரையில் வீசிவிட்டு, மண்வெட்டியோடு ஓடினாள். வரப்பை வெட்டி மடையைத் திறந்தாள். நான்கு பக்க மனு எழுதிய மகானுபாவன் என்ன செய்தேன் தெரியுமா? பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி மறுபக்கம் தண்ணீர் ஓடாமல் அணை போட்டேன். நாற்றங்காலுக்குள் தண்ணீர் நுழைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனு, குவாரி எதுவுமே அப்போது ஞாபகத்தில் இல்லை.

சொன்ன நேரத்துக்கு ஜீப் வந்தது. அதிகாரி நல்ல மனிதர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் நடந்து வந்தார்.

"என்னம்மா, தண்ணி வருதா?"

"இன்னிக்குத்தான் சார் வருது. பதினோரு நாளா..."

"வருதுல்ல?"

செல்வி தலையை ஆட்டினாள். நான் சேற்றுக் கையோடு குறுக்கே பாய்ந்தேன்.

"சார், நீங்க வர்றீங்கன்னுதான் விட்டிருக்காங்க!"

"இருக்கலாம் சார். ஆனா நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? நீங்களே பாய்ச்சிக்கிட்டு நிக்கிறீங்க!"

என் கையை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஜீப் போய் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை செல்வியின் போனுக்கு மெசேஜ் வந்தது. கடைமடை வரை நீர் செல்வது உறுதி செய்யப்பட்டது, மனு முடித்து வைக்கப்பட்டது. குவாரியில் லாரிகள் வரிசையாக நிற்கின்றனவாம்.

அரை மணி நேரம் அடைத்திருந்தால் குவாரி நின்றிருக்குமோ? நின்றிருந்தாலும், அள்ளிய மணல் திரும்பி வந்துவிடுமா? இத்தனை காலமும் ஆறு தானாக வாய்க்காலுக்குள் வந்தது. இப்போது அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது நமக்குத் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது. இந்தப் பயம் செல்வியின் இரண்டு ஏக்கரோடு நிற்குமா என்ன?

கோபப்படவும் எனக்கு முழு யோக்கியதை கிடையாது. மாடி கட்டியபோது மூன்று கடையில் ஏறி இறங்கி சிமென்ட்டை விசாரித்தவன் நான். மணல் வந்து இறங்கியபோது, "தூசி இல்லாம இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டேன். எந்த ஆறு என்று கேட்கவில்லை.

இன்று காலை செல்வி போன் செய்தாள். குரலில் தெம்பு இருந்தது.

"நாத்து பச்சை கட்டிருச்சுண்ணே!"

"நல்லதும்மா. நடவு எப்ப?"

"இன்னும் பத்து நாள்ல நட்டாகணும்..." என்று இழுத்தாள். நாற்றங்காலுக்கு அன்று வந்த தண்ணீர் போதும், இரண்டு ஏக்கரைச் சேறடித்து நடப் போதுமா? நான் கேட்பதற்குள் அவளே பேசினாள்.

"அண்ணே, இன்னொரு மனு எழுதிக் குடுங்க. ஆபீசர் என்னிக்குப் பாக்க வர்றாங்கன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சு சொல்லிடுங்க... நடவை அன்னிக்கே வச்சுக்கிறேன்."