வெண்ணிலா கைவிடாத காகிதம்

வெண்ணிலாவுக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவாள். ஊரப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருபத்தேழு இருளர் வீடுகள் இருக்கின்றன. அந்த இருபத்தேழிலும் அவளைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது. சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மாவிடமே அடையாள அட்டையைக் காட்டச் சொன்னவள் அவள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பாவின் ரேஷன் கார்டை ஒரு செங்கல் சூளைக்காரர், "என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். பதினோரு வருடம் பத்திரமாகவே வைத்திருந்தார். அப்பா செத்த பிறகு, அவர் பெயரை நீக்குவதற்காகத்தான் கார்டு வெளியே வந்தது.

அடுத்து ஜாதிச் சான்றிதழ். நீ இருளர்தான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்காவிட்டால் படிப்பு, மனை, வேலை எதுவும் அசையாது. வெண்ணிலாவும் அவள் அக்கா அங்காளம்மாவும் அந்தக் காகிதத்துக்காக ஆறு வருடம் நடந்தார்கள். கடைசியில் விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி வெண்ணிலாவை ஏற இறங்கப் பார்த்தார். தலை வாரியிருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறது, கையெழுத்துப் போடத் தெரிகிறது. அவருக்குத் தெரிந்த இருளர் எலி பிடிப்பவர்கள். "உன்னப் பாத்தா இருளர் மாதிரியே தெரியலையே. எங்க, ஒரு எலி பிடிச்சுக் காட்டு" என்றார்.

அங்காளம்மாவுக்கு எலி பிடிக்கத் தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து சூளைக்குள்ளேயே கல் அறுத்து வளர்ந்தவள் அவள். அத்தையோடு வயல்காட்டில் திரிந்த வெண்ணிலாதான் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மண்டியிட்டு வளை தோண்டினாள். கிளார்க்குகள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். அந்தப் படம் சுற்றிச் சுற்றி அவள் புருஷன் சித்தாள் வேலை பார்த்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு எலிக்கு இரண்டு சான்றிதழ் கிடைத்தது. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தாள் வெண்ணிலா. இனி வெளி ஆட்கள் முன்னால் எலி என்ற பேச்சே தன் வாயில் வராது. காகிதத்தை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் வைத்தாள். ஏழு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் மகள் கையில் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், பழங்குடிப் பெண்களுக்கு இலவசப் பயிற்சி, முடித்த கையோடு வேலை என்று சொன்னால் நம்புவாளா? ஒரு தொண்டு நிறுவனமும் நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுத்தம் செய்து பராமரிக்கும் கம்பெனி ஒன்றும் சேர்ந்து நடத்துகிறார்கள். மூன்று மாத வகுப்பு. சீருடை, ஷூ, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. அங்காளம்மாதான் துள்ளிக் குதித்தாள்.

"நம்மளத் தேடி வந்து எதுக்குக்கா தர்றாங்க? அவங்களுக்கு இன்னா லாபம்?" என்றாள் வெண்ணிலா.

"எல்லாத்துலயும் ஒரு நொட்டை சொல்லு. வந்து பாரேன்டி. புடிக்கலன்னா வந்துடு."

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. பன்னிரண்டு பெண்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஈவ்லின். தாம்பரத்தில் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து விலகியவர். முதல் நாளே எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். வெண்ணிலா அதை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள். நினைத்தது சரியாகப் போயிற்று. பிஸ்கட்டுக்குப் பின்னாலேயே விஷயம் வந்தது.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாரும் கொடுத்துடுங்க. பீரோவுல பூட்டி வைக்கிறேன். கம்பெனியில இருந்து வந்து செக் பண்ணதும் திருப்பிக் கொடுத்துடுவேன்."

"ஜெராக்ஸ் தர்றேன் மேடம்."

"ஒரிஜினல்தான் வேணும்மா. பாதி பேர் நடுவுல நின்னுடுறாங்கன்னு கம்பெனியில பயப்படுறாங்க."

"அப்ப எங்க மேலதான் சந்தேகம். அதுக்குத்தான் பேப்பர புட்ச்சி வெச்சிக்கிறீங்க" என்றாள் வெண்ணிலா.

ஈவ்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷி, மற்றவர்கள் பக்கம் கையை நீட்டினார். மற்ற பதினொரு பேரும் கொடுத்தார்கள். அங்காளம்மாதான் முதல் ஆளாகக் கொடுத்தாள், அதனால் அவளுடையது கட்டுக்கு அடியில் போயிற்று. வெண்ணிலா மசியவில்லை. ஈவ்லின் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் திங்கட்கிழமைதோறும் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமைகளில் வெண்ணிலா காகிதத்தை மேஜைமேல் விரித்து, ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்தபடியே காட்டுவாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மற்றபடி அவள் நன்றாகவே கற்றாள். கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை, கண்ணாடிக்கு நீலம் என்று ஒரே நாளில் மனப்பாடம் செய்தாள். தரை தேய்க்கும் மெஷின் மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடியது, அவள் கையில் மட்டும் பசு மாதிரி நின்றது. "எதை யார்கிட்ட கொடுத்தாலும் நோட்டுல கையெழுத்து வாங்கணும். துடைப்பமா இருந்தாலும் சரி" என்று ஈவ்லின் சொன்ன பாடம் மட்டும் அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. இந்த அம்மா நல்லவளோ என்று ஒரு நிமிடம் தோன்றும். உடனே சூளைக்காரரும் சிரித்த முகக்காரர்தான் என்பது ஞாபகம் வரும்.

ஆறாவது வாரம், பீரோவுக்கு அடியில் துடைக்கும் முறை அவளுக்கு வந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள். சுவரோரமாகத் தரையை ஒட்டி எண்ணெய்க் கறை போல ஒரு கோடு. அரிசி அரிசியாய்ப் புழுக்கை. பீரோவின் பின் தகடு துருப்பிடித்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள், வாடை அடித்தது. உள்ளே வீட்டெலி கூடு கட்டுகிறது, அது உரசி ஓடிய தடம்தான் அந்தக் கோடு. பிஸ்கட் பாக்கெட்டுகளையும் அதே பீரோவில்தான் வைத்திருக்கிறார்கள், வராமல் என்ன செய்யும்?

நிமிர்ந்து வாயைத் திறந்தாள். வாசலில் அச்சுதன் நின்றுகொண்டிருந்தார். கம்பெனியின் சூப்பர்வைசர், போனைத் தூக்கிப் பிடித்துப் பயிற்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெண்ணிலாவின் வாய் மூடிக்கொண்டது. இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அட, இருளராச்சே நீங்க! பிடிங்க பாப்போம்" என்பார். அது ஒரு படமாகும். நாவலூர் வரைக்கும் போகும். வேலையில் சேரும் முன்னாலேயே எலிக்காரி என்று பெயர் போய்ச் சேரும். அவள் புழுக்கையைச் சத்தமில்லாமல் துணியில் வாரிக்கொண்டு வாளியில் அலசினாள்.

சாயந்திரம் தாம்பரத்தில் ரயில் ஏறியதும், "அக்கா, உன் பேப்பர திருப்பி வாங்கிக்கோ" என்றாள்.

"ஏன்டி?"

"சொல்றேன்ல, வாங்கிக்கோ."

"ஆரம்பிச்சிட்டியா? உன் சந்தேகத்த உன்னோட வெச்சிக்கோ. அந்த அம்மா தங்கமானவங்க."

எலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்காளம்மாவின் வாயில் எதுவும் தங்காது, மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவாள். வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா நம்பாதது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. எச்சரிக்க வேண்டியதை எச்சரித்தாயிற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து அச்சுதன் சான்றிதழ்களைச் சரிபார்க்க வந்தார். வெண்ணிலாவுடையதைப் பார்த்து டிக் அடித்தார். பிறகு ஈவ்லின் பீரோவைத் திறந்து சான்றிதழ்க் கட்டை எடுத்தார். மேலே இருந்தவற்றுக்கு ஓரம் மட்டும் கடிபட்டிருந்தது. அடியில் இருந்த அங்காளம்மாவுடையது காகிதமாகவே இல்லை. பஞ்சு பஞ்சாய்க் கிழிந்த தூளுக்கு நடுவில் கண் திறக்காத நாலைந்து குஞ்சுகள் நெளிந்தன. ஒரு மூலையில் அரசாங்க முத்திரையின் கால்வாசி தெரிந்தது.

"என்னம்மா இது, உங்க ஆளுங்க இத்தனை பேர் இருக்கீங்க, ஒரு எலியப் பிடிக்க முடியலையா?" என்றார் அச்சுதன். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஈவ்லின் அந்தத் தூளை அள்ளிக்கொண்டிருந்தார். எல்லோரும் பீரோவையே பார்க்க, அங்காளம்மா மட்டும் தங்கையைப் பார்த்தாள். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது, வெண்ணிலாவுக்கு மட்டும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

வெண்ணிலா தன் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"தெரியுமான்னு கேக்குறேன்."

"தெரியும்கா. ஒன்ற மாசமா தெரியும்."

அங்காளம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அன்று ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் வந்தும், அதன் பிறகும் தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது வெண்ணிலாவை அறுத்தது. அவள் காகிதம் பிழைத்தது சந்தேகத்தால். அக்காவின் காகிதம் போனதும் அதே சந்தேகத்தால்தான். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் அங்காளம்மாவின் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்து, அக்காவும் தங்கையும் ஈவ்லினும் சான்றிதழ் வாங்கிய அதே பழைய அலுவலகத்துக்குப் போனார்கள். ஈவ்லின் தானாகவே வந்தார். நாற்காலியில் புது அதிகாரி, சின்ன வயசுக்காரர்.

"பழைய ரெக்கார்டு கிடைக்கலைம்மா. ரத்த உறவுல யார்கிட்டயாவது ஒரிஜினல் இருந்தா கொடுங்க. வெச்சு, சரிபார்த்துட்டுத் தரேன். இல்லேன்னா நேர் விசாரணைதான்."

"விசாரணைன்னா இன்னா சார்?" என்றாள் வெண்ணிலா.

"உங்க தொழில் தெரியுமான்னு பாக்கணும்."

அங்காளம்மா தரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அதே காலி மனை தெரிந்தது. இப்போது அதற்கு வேலி போட்டிருந்தார்கள்.

வெண்ணிலாவின் கை இடுப்புக்குப் போயிற்று. பையின் முடிச்சு அவிழ மறுத்தது, இல்லை, விரல்தான் மறுத்தது. அவிழ்த்தாள். மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். வழக்கம்போல ஒரு முனையை விரல் அழுத்திக்கொண்டிருந்தது.

"வாங்கிக்கினேன்னு ஒரு சீட்டு எயுதிக் குடுங்க சார்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல சார்."

ஈவ்லின் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிகாரி ஒரு முறை முறைத்துவிட்டு எழுதிக் கொடுத்தார். வெண்ணிலா விரலை எடுத்தாள். அவர் காகிதத்தோடு எழுந்து மூலையிலிருந்த பீரோவைத் திறக்கப் போனார்.

அவள் கண் சுவரோரத்துக்குப் போனது. அதே எண்ணெய்க் கோடு. பக்கத்து மேஜைகளில் கிளார்க்குகள் இருந்தார்கள், எல்லோர் கையிலும் போன்.

"அதுல வெக்காதீங்க சார்" என்றாள் சத்தமாக. "உள்ள எலி கீது."

அறையே திரும்பிப் பார்த்தது.

"எலியா? திறக்காமலேயே உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கையில கீற பேப்பர்லயே போட்டுக்கீது சார். படிச்சுப் பாருங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பீரோவுக்கு அடியில் பார்த்தார். திரும்பி வந்து, தன் மேஜை டிராயரில் அதை வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்ததும் வெண்ணிலா அந்தச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போடப் போனாள். அங்காளம்மா வழியை மறித்து நின்றாள். நல்ல மனுஷி, தங்கமானவர் என்று எல்லோரையும் நம்பிக்கொண்டிருந்தவளின் முகம் இறுகியிருந்தது. பத்து நாளுக்குப் பிறகு தங்கையிடம் பேசினாள்.

"அத்த இப்டி குடு. அவரு பேரு எயுதிக்கீறாரா, தேதி போட்டுக்கீறாரா, சீல் அடிச்சிக்கீறாரான்னு பாக்கணும்."