இரண்டு பேருக்கான பூசை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக் காவல், குழித்துறைச் சந்தையில் சுமடு தூக்குவது என்று சுற்றிவிட்டு, கடற்கரை ஊர் ஒன்றில் மீன் வியாபாரம் செய்த ஓர் அக்காவிடம் ஐஸ் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். படுக்கையும் மீன் பெட்டிகளுக்கு நடுவில்தான். எங்கள் வீட்டார் அய்யாவழி. வேதப் புத்தகத்தை நான் தொட்டதில்லை.

அக்காவின் மகன் அயர்லாந்தில் நர்ஸ். ஒருநாள் ஏலம் முடிந்த நேரத்தில் போன் செய்தான். கூட வேலை பார்க்கும் கோட்டயத்துப் பையனை வருகிற சனிக்கிழமை கல்யாணம் செய்யப் போகிறானாம். அங்கே அதற்குச் சட்டம் உண்டாம். “நல்லா இருன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும்மா” என்றானாம். அக்கா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அக்கா கத்தோலிக்கர்; அவருடைய அண்ணன் பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியவர். விஷயம் தெரிந்து வேதாகமத்தோடு வந்தார்.

“லேவியராகமத்துல அருவருப்புன்னு இருக்கு, ஏட்டி. வாழ்த்துனா அந்தப் பாவத்துல உனக்கும் பங்குண்டு.”

“செதிலில்லாத மீனும் அருவருப்புன்னு அதுலதான இருக்கு? நேத்து எனக்க வீட்டுல கணவாய ரெண்டு தடவ வாங்கித் தின்னியே, அண்ணே!”

“அது பழைய ஏற்பாட்டோட போச்சு. இத புதிய ஏற்பாட்டுல பவுலும் ரோமருக்கு எழுதியிருக்காரு.”

அக்கா மீன் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்: “பாவம்னே வையி. பாவிக்குப் பூச வைக்கப்பிடாதா?”

ஒரே புத்தகத்தில் எது போகும், எது நிற்கும் என்று யார் முடிவு செய்வது? எனக்குப் பிடிபடவில்லை.

யாருக்காகப் பூசை என்பதை அக்கா போகும் மாதா கோயிலில் உபதேசியார் மைக்கில் வாசிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா ஏற்பாடு செய்த நன்றிப் பூசைக்கு அந்த இரண்டு பையன்களின் பெயர்களை வாசித்தார். வெளியே வந்ததும் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“மவனுக்கும் கூட்டுக்காரனுக்கும் அங்கயே இருக்க விசா கெடச்சிட்டா?”

“ஆமா மக்கா, கெடச்சிட்டு.”

அந்தக் கோயிலுக்குள் கால் வைக்காத அண்ணன் கேட்டருகே நின்றிருந்தார். அவர் முன்னாலேயே அக்கா மகனை அழைத்தார். “உங்க ரெண்டு பேருக்கும் பூச கண்டேன். நேரத்துக்குத் தின்னுங்க. இந்தா, மாமன் நிக்காரு” என்று போனை நீட்டினார்.

அண்ணன் வாங்கினார். கண்ணை மூடி உரக்க ஜெபிக்கத் தொடங்கி, பாதியில், அவர்கள் சபையில் ஆவி வந்து பேசும் அந்நிய பாஷைக்கு மாறினார். வாழ்த்துகிறாரா, பேயை விரட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவும் புரியாமல் என்னைத்தான் பார்த்தார்.

ஜெபம் முடிந்தபோது போனுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் ஆமென் சொல்வது கேட்டது.