முத்துமாரியின் உள்ளங்கை

வந்தவள் உச்சியில் கை வைத்து முடி நுனிவரை ஒரே இழுப்பாகத் தடவுவாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் முத்துமாரிக்கு வாய் திறக்கும்.

"எந்த ரூம், தாயி?"

விஸ்வநத்தத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. பட்டாசுக் கம்பெனியில் எந்த ரூமில் வேலை என்று அர்த்தம். லேபிள் ஒட்டுகிற ரூம், பேக்கிங் ரூம் என்றால் நாற்காலி கிடைக்கும். மருந்து செலுத்துகிற ரூம் என்றால் நேரே குழாயடி. வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூள் முடியில் ஒரு துகள் இருந்தாலும் அவள் பார்லரில் அந்தத் தலைக்குச் சூடு கிடையாது. முதல்முறை போனபோது என்னையும் கேட்டாள். "சமையல் ரூம்" என்றேன். உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, "ஆமா, கடுகு" என்றாள்.

அவளும் பத்துப் பன்னிரண்டு வருஷம் மருந்து ரூமில் இருந்தவள்தான். கம்பெனியை விட்டு வந்தாளே தவிர, கம்பெனி அவளை விடவில்லை. வாசலில் சிவப்பு வாளி நிறைய மணல். நிலைப்படியில் செம்புத் தகடு. உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று கம்பெனியில் தொடுவார்களே, அதே தகடு. தொடாமல் உள்ளே வந்தால் திருப்பி அனுப்புவாள். வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் மணலையும் தகட்டையும் பார்த்துக் கம்பெனி என்றே நினைத்து, உள்ளே வந்து ஒரு லோடு சரவெடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

முடியை நேராக்கும் கருவிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் இடுக்கி. பால் சட்டியை இறக்குகிற இடுக்கிக்குக் கொடுக்கும் மரியாதைகூட அதற்குக் கிடையாது. காய்ந்த முடியில், குறைந்த சூட்டில், ஒரு கற்றைக்கு ஒரே தடவை. "ரெண்டாந்தடவ இழுத்தா அது முடியில்ல, துடைப்பம்." ஈரமுடியில் கேட்டால் அவ்வளவுதான். "உள்ள இருக்க தண்ணி கொதிச்சிரும் தாயி. இட்லியா அவிக்கிறோம்?" பிளாஸ்டிக் சீப்பை உள்ளே சேர்ப்பதில்லை. வேப்பமரச் சீப்பால் நுனியில் சிக்கெடுத்து, பிறகுதான் மேலே ஏறுவாள். துண்டால் தலையைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால், பிள்ளையை அடிப்பவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

அவள் முடியோ கருந்திராட்சை நிறத்தில் மின்னும். அதில் ஒரு கற்றையை எப்போதும் இடது காதின்மேல் இழுத்துவிட்டிருப்பாள். அந்தக் காதை யாரும் பார்த்ததில்லை. கேட்டால் ஆளுக்கொரு கதை. கோயில் யானை கிள்ளியது என்பாள். மாமியார் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சுருங்கிவிட்டது என்பாள். பொய் சொல்வதில் எனக்கு ஒரு போட்டி இருக்கிறது என்பதாலேயே அவள்மேல் எனக்குப் பிரியம்.

போன ஆவணியில் ஒரு காலை, ஆனைக்குட்டத்திலிருந்து பாண்டிமீனா வந்தாள். அன்று சாயங்காலம் அவளுக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து தலையில் பூச்சூட்டிக் கல்யாணத்தை உறுதிசெய்துவிட்டுப் போவார்கள். பூ வைக்கப்போவது நாத்தனார். அந்த நாத்தனார் கோயிலில் இவளை முதலில் பார்த்தபோதே, "பொண்ணு லெச்சணம்தான், முடிதான் தேங்கா நாரு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அந்த வாயை இன்று அடைத்தாக வேண்டும்.

"நல்லாப் பளபளன்னு, நேரா விழணும்க்கா."

முத்துமாரி தலையைத் தடவினாள். "எந்த ரூம்?"

"பேக்கிங்."

உள்ளங்கை வெள்ளி முலாம் பூசியதுபோல் இருந்தது. அதைப் பாண்டிமீனாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இப்பப் பேக்கிங்லயும் அலுமினியம் பூசித்தான் ஆள அனுப்புறாகளா?"

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள். விஷயம் மெதுவாக வந்தது. மருந்து ரூம்தான். ஒரு வாரமாக வேண்டுமென்றே தலை அலசவில்லை. அந்தத் தூள் ஒட்டியிருந்தால்தான் முடி மின்னுகிறதாம். "அலசினா டல்லாயிருதுக்கா. இதோட சேத்து நேராக்கி விட்ருங்க."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. முத்துமாரிக்கு வரவில்லை. இடுக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாலு மணிக்கு வந்துருவாகக்கா. அலசி எப்பக் காய? இன்னைக்கும் நாருன்னு சொன்னா எங்க அம்மா தாங்காது. ஒரே ஒரு இழுப்பு. என்ன ஆயிறப்போகுது?"

முத்துமாரி இந்தத் தடவை கதைக்கு யானையைக் கூப்பிடவில்லை, மாமியாரையும் கூப்பிடவில்லை. காதின்மேல் கிடந்த கற்றையை விரலால் ஒதுக்கினாள். மேல்மடல் இல்லை. மீதி, தீயில் வாட்டிய அப்பளத்தின் ஓரம்போல் சுருண்டிருந்தது.

"மருந்து ரூம்" என்றாள். கற்றையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாண்டிமீனா தானே எழுந்து குழாயடிக்குப் போனாள்.

முத்துமாரி முதலில் தேங்காயெண்ணெய் தடவிப் பழந்துணியால் ஒற்றி எடுத்தாள். தூள் எண்ணெயோடு வந்தது. பிறகு ஷாம்பு, மறுபடி ஷாம்பு, தண்ணீர் தெளிகிறவரை. செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்தக் கொழகொழப்பைப் பூசி அலசினாள். வேட்டித் துணியால் பிழியாமல் ஒற்றினாள். முக்கால் ஈரத்தில் நுனியில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய். பிறகு முடியைச் சீவிச் சீவி, தலையைச் சுற்றிப் படியப் படிய ஒட்டவைத்து, மெல்லிய பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டினாள். கொண்டை ஊசி ஒன்றுகூட இல்லை.

"அப்படியே வீட்டுக்குப் போ. காயக் காயத் தானா நேராயிரும். பூ வைக்க வரும்போது அவுத்துக்க, அதுக்கு முன்னால அவுத்துறாத. நம்மூரு வெயிலு மத்தாப்பையே காயவைக்கும், ஒந்தலையக் காயவைக்காதா?"

தலைக்கட்டோடு பஸ் ஏறினாள் பாண்டிமீனா. கண்டக்டர் அடிபட்ட பெண் என்று நினைத்து, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தாராம்.

நாலு மணிக்குமேல் முத்துமாரி நிலைகொள்ளவில்லை. வேறொருத்திக்குப் புருவம் திருத்தும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே போனது. நானும் வேலையில்லாமல் உட்கார்ந்தே இருந்தேன். ஐந்தரைக்கு முத்துமாரியின் போன் மினுங்கியது. பாண்டிமீனா படம் அனுப்பியிருந்தாள். திரும்பி உட்கார்ந்த பெண். முதுகில் மழை நின்ற தார்ரோடுபோல் நேராக, கறுப்பாக, வெளிச்சம் வழுக்கும் முடி. அதில் பூச்சரத்தைச் செருகும் நாத்தனார். அவள் வாய் மூடியிருந்தது.

"மாப்பிள்ள எப்படி?" என்றேன்.

"இருக்காகளா அதுல?" என்றாள், நிமிராமல்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பாண்டிமீனாவின் உச்சி திரை முழுக்க நிறைந்தது. அதன்மேல் உச்சியிலிருந்து நுனிவரை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.