உப்போடு போன தீப்பெட்டி

பிள்ளைகளா, குரங்கணிக்கு மேலே கூட்டாளிகளோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரட்டுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போனதில் உங்களுக்கு வருத்தம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு. அதை வாயால் ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும் என்பதால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், ஐம்பதுகளில் நடந்தது. போடியில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் பக்கத்து ஊரான சிலமலைக்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. இன்னொருவன் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், வாரத்துக்கு எடுத்துப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தோட்டக்காரன் என்றே சொல்கிறேன். முதல் இரண்டு வருசமும் செடியில் நோய் விழுந்து ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வருசமும் காய் வந்து சேராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அந்த வருசம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு இறங்கிய கூலியாட்கள், ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறவில்லை.

“விட்டா பழுத்த காயி கொத்துலயே வெடிச்சுப் போகும் மாப்ளே. நாம மூணு பேரும் ஏறுவோம். முடிஞ்ச மட்டும் பறிச்சு, ராத்திரி கொட்டகையில தீயப் போட்டுக் காய வச்சு, மூட்டையோட இறங்கிரலாம்” என்றான் தோட்டக்காரன்.

சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கம்பளியும் கட்டுச்சோறும் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினோம். மழை விடவே இல்லை. நனையக் கூடாததை வைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மூங்கில் குழாய். அட்டைப்பூச்சிக்குப் போடுகிற உப்பும் தீப்பெட்டியும் அதற்குள்ளேதான். கட்டையால் வாயை இறுக அடைத்திருந்தோம். நல்ல யோசனை என்றுதான் மூன்று பேருமே நினைத்தோம். பத்தடிக்கு ஒரு அட்டை காலில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் குழாயைத் திறந்து ஈரக்கையை விட்டு உப்பை எடுத்தோம்.

“எங்க வீட்டுல எனக்குக்கூட இப்பிடி விழுந்து விழுந்து கவனிக்க மாட்டாக. அட்டைக்குப் பாரு, விருந்து” என்றான் சிலமலைக்காரன். சிரித்துக்கொண்டேதான் போனோம்.

தோட்டத்தில் செடிக்கடியில் குனிந்து பொழுது மங்கும் வரை பறித்தோம். நல்ல காய். நடுவில் ஒருமுறை தோட்டக்காரன், “இது போதும் மாப்ளே, இந்த நெலம் என் கையிலயே இருக்கும்” என்றான். 

கொட்டகைக்கு மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மலையில் ஆட்கள் இருக்கிற காலத்தில் அடுப்பில் கங்கு அணையாது. சாம்பலைக் கிளறினால் தீ கிடைக்கும். இப்போது சாம்பல் சில்லென்று கிடந்தது. பரவாயில்லை, மூலையில் காய்ந்த விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

“தீப்பெட்டியக் கொண்டா மாப்ளே, வெரசா” என்றான் தோட்டக்காரன்.

குழாயைக் கவிழ்த்தேன். உப்புத் தண்ணீர் வடிந்தது. பின்னாலேயே தீப்பெட்டி கூழாகி விழுந்தது. மழைக்காலத்து உப்புக் கசியும் என்பது அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எங்களுக்குத் தோன்றவில்லை.

“தீப்பெட்டியில ஊறுகா போட்ட மொத ஆளு நாமதான்” என்றான் சிலமலைக்காரன். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

குச்சிகளைப் பொறுக்கித் தலைமுடியில் தேய்த்துப் பார்த்தோம். அக்குளில் வைத்துப் பார்த்தோம். உரசுவதற்குப் பெட்டியில் பக்கமே மிஞ்சவில்லை. தோட்டக்காரன் இரண்டு கல்லை எடுத்து நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தான். பொறி வந்தது, ஆனால் விறகுச் சிராயில் பிடிக்கவில்லை; பஞ்சுக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது ஈரத்துணி. அடுத்த தோட்டத்துக்குப் போய்க் கங்கு கேட்கலாமென்றால் நடுவில் ஓடை. அதன் இரைச்சல் கொட்டகைக்குள்ளேயே கேட்டது.

காயைத் தரையில் பரப்பினோம். கூரை ஒழுகி அதன்மேலேயே சொட்டியது. மறுபடியும் சாக்கில் அள்ளி, ஒழுகாத ஒரு மூலையில் வைத்தோம். கம்பளியும் நனைந்திருந்ததால் மூன்று பேரும் பல் கிட்டிப்போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம்.

விடிகிற நேரத்தில் தோட்டக்காரன் சாக்குக்குள் கையை விட்டான். எடுக்கவில்லை.

“என்னடா?” என்றேன்.

“சூடா இருக்கு மாப்ளே.”

நானும் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைக்காய் அடைந்து கிடந்தால் தானாகவே புழுங்கிச் சூடேறும். ராத்திரி பூராவும் நாங்கள் தேடிய சூடு அதற்குள் இருந்தது. கை விறைத்திருந்ததால் எனக்கும் எடுக்க மனசு வரவில்லை.

இறங்குகிற வழியிலும் அதே ஓடைதான்; அன்று பகலெல்லாம் அது வடியவில்லை. மறுநாள்தான் போடிக்கு இறங்கினோம். ஏலக்காய்க் கடைக்காரர் சாக்கின் வாயைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு உடனே மடக்கினார்.

“வெந்துபோச்சு அப்பு. இத உள்ள வச்சா மத்த காயும் கெட்டுப்போகும். எடுத்துட்டுப் போங்க.” 

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்களும் ஏதாவது பேசியிருப்போம். தோட்டக்காரன் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டான்.

“எங்கடா கொண்டுபோற?” என்றான் சிலமலைக்காரன்.

“தெரியல. கீழ வைக்க முடியல.”

நிலம் வேறு ஆளுக்குப் போயிற்று. அடுத்த வருசம் தோட்டக்காரன் அதே செடிகளில் அந்த ஆளுக்குக் கூலிக்குக் காய் பறித்தான். வழியில் என்னைப் பார்த்தால், “சோலி கெடக்கு மாப்ளே, வர்றேன்” என்று நடந்துவிடுவான். அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

மூங்கில் குழாய் என் பையிலேயே தங்கிவிட்டது. இறங்கி வந்த வாரம் அதன் அடியில் ஒட்டியிருந்த குச்சிகளை எடுத்து வைத்தேன். கார்த்திகையில்தான் வெயில் வந்தது; ஓட்டுமேல் காயப்போட்டேன். ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஒரு புதுப் பெட்டியை வாங்கி வந்து, முற்றத்து வெயிலில் நின்று அதன் பக்கவாட்டில் அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாக உரசினேன். மருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் சீறியது. அந்த வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. விரல் சுட்டபோதுதான் எரிகிறது என்று தெரிந்தது.